பீஸ்பில்டிங்: 'அமைதிக் கட்டுமானம்' எதற்கு?

'மினிஸ்ட்ரி அண்டு இன்டர்ஃபெய்த் பீஸ்பில்டிங்' கற்பிக்கும் இறையியல் கல்லூரிப் பேராசிரியர், தமிழாக்கத்தில் 'அமைச்சகம் மற்றும் மதங்களுக்கிடையேயான அமைதிக் கட்டுமானப் பேராசிரியர்' ஆகிவிடுகிறார். படித்தால் பொதுப்பணித்துறை அதிகாரி என்றுதான் தோன்றும்.

மினிஸ்ட்ரியைச் சட்டென்று முடித்துவிடலாம். லத்தீனில் 'மினிஸ்டர்' என்றால் பணியாள். அரசுக்குப் பணிசெய்பவர் அமைச்சர், திருச்சபைக்குப் பணிசெய்பவர் போதகர். தமிழ் விவிலியத்தில் சொல் தயாராகவே இருக்கிறது: பழைய மொழிபெயர்ப்பில் ஊழியம், பொது மொழிபெயர்ப்பில் திருப்பணி. கோயிலைப் புதுப்பிப்பதும் திருப்பணிதானே என்று தயங்குவோர் ஊழியத்தை வைத்துக்கொள்ளட்டும். இன்டர்ஃபெய்த் என்பதற்குப் 'பல்சமய' போதும்.

சிக்கல் பீஸ்பில்டிங்கில்தான். நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் யொஹான் கால்டுங் 1976-இல் வெளியான கட்டுரையில் மூன்றைப் பிரித்துக் காட்டினார்: சண்டையிடுவோரை விலக்கி நிறுத்துவது, பேசி உடன்பாடு காண்பது, சண்டைக்கான காரணங்களையே களைவது. மூன்றாவதுதான் பீஸ்பில்டிங். 1992-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலியின் அறிக்கைக்குப் பின் சொல் உலகெங்கும் பரவியது. முதலாவது தமிழில் அமைதி காத்தல். இரண்டாவது சமாதானம் செய்தல்.

மூன்றாவதைக் 'கட்டுமானம்' என்பானேன்? ஆங்கிலத்தில் 'பில்டு' இருக்கிறதே என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. கட்டுமானம் என்றால் செங்கல், சிமென்ட், ஒப்பந்தக்காரர், முடிவுத் தேதி. இந்த வேலைக்கோ முடிவுத் தேதி கிடையாது. இந்தப் பாடத்தில் மாணவர் பழகுவது இதைத்தான்: யாருக்கு யார்மேல் என்ன மனத்தாங்கல் என்று வரைபடம் போடுவது, இரு தரப்பையும் தனித்தனியே கேட்பது, பிறகு ஒன்றாக உட்காரவைப்பது, ஒருவர் மறைநூலை மற்றவரோடு சேர்ந்து வாசிப்பது, குடிநீர் போன்ற பொதுத் தேவைக்குச் சேர்ந்து உழைப்பது. கலவரம் வெடித்தபின் தலைவர்களை மட்டும் மேடையேற்றிக் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டால் அது பலிக்காது. தெருவில் பேச்சுவார்த்தை அறுந்தபடியே கிடக்கும், அடுத்த வதந்திக்கு அது போதும்.

'அமைதியாக்கம்' என்று சிலர் ஒட்டிப் பார்க்கிறார்கள். 'வகுப்பை அமைதியாக்கினார்' என்றால் வாயை மூடவைத்தார் என்றுதானே பொருள்? இங்கே வேண்டியதோ வாயைத் திறக்கவைப்பது. 'ஒப்புரவாக்குதல்' நல்ல சொல்; ஆனால் முறிந்த உறவு மீண்டும் ஒட்டுவதை மட்டுமே சொல்லும். 'நல்லிணக்கம்' எட்டவேண்டிய நிலையின் பெயர், எட்டும் வழியின் பெயர் அல்ல.

நட்பை வளர்க்கிறோம், பகையை வளர்க்கிறோம், உறவையும் வளர்க்கிறோம். அமைதியை மட்டும் ஏன் கட்டவேண்டும்? 'அமைதி வளர்ப்பு' என்றால் காலம் பிடிக்கும், கவனிக்காவிட்டால் வாடிவிடும் என்பதெல்லாம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. (இறையியல் கல்லூரியைக் குறிக்கும் செமினரி என்ற லத்தீன்வழிச் சொல்லுக்கும் நாற்றங்கால் என்பதே மூலப்பொருள்.)

இப்போதெல்லாம் நம்பிக்கையைக் கட்டியெழுப்புகிறார்கள், குழுவைக் கட்டியெழுப்புகிறார்கள், திறனைக்கூடக் கட்டியெழுப்புகிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அகராதிச் சொல்லை வைத்துவிட்டு, வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்காமலே அனுப்பிவிடுகிற பழக்கம் இது. அந்த 'மற்றும்'கூட அப்படி வந்ததுதான். 'ஊழியமும் பல்சமய அமைதி வளர்ப்பும்' என்று எழுத நமக்கு 'உம்' இருக்கிறது.