கூற்று: ஒரு சொல் விளக்கம்

மயிலாப்பூரில் நண்பர்களின் நாடக ஒத்திகைக்குப் போயிருந்தேன். 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய மனோன்மணீயத்தை, நாயகியின் தோழி வாணி சொல்வதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். நோட்டீசில் 'வாணியின் பாயின்ட் ஆஃப் வியூ' என்று போடலாம் என்றார் ஒருவர். 'பார்வைக் கோணம்' என்றார் இன்னொருவர். அதுவும் ஆங்கிலத்தின் நிழல்தான். 'வாணி கூற்று' என்று போடுங்கள் என்றேன்.

கூறு என்ற வினையிலிருந்து வந்தது கூற்று. சொல்வது, சொல்லப்பட்டது என்று பொருள். எமனுக்கும் இதே பெயர் உண்டு. உயிரையும் உடலையும் கூறுபடுத்துவதால் அப்படி என்பார்கள். 'அறங்கூற்று ஆவதூஉம்' என்று சிலம்பில் வருவது இந்தப் பொருளில்தான்.

நமக்கு வேண்டியது தொல்காப்பியக் கூற்று. செய்யுள் இலக்கணம் சொல்லும் செய்யுளியலில் செய்யுளின் 34 உறுப்புகளைச் சொல்லும்போது கூற்று, கேட்போர், களன் என்று அடுத்தடுத்து வைக்கிறார் தொல்காப்பியர். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே. பார்வைக்குக் கண் இருந்தால் போதும். கூற்றுக்கு எதிரே கேட்க ஓர் ஆள் வேண்டும். நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

குறுந்தொகையின் 8-ஆம் பாட்டைப் பாருங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது, காதற்பரத்தை கூற்று; அதாவது மனைவியான தலைவியை விட்டுத் தலைவன் நாடிப் போகும் பெண் பேசுவது. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டவள், தலைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி பேசுகிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சு பேசுகிற தலைவன், தன் வீட்டில் மகனைப் பெற்றவளுக்கு ஆடிப்பாவை போல ஆடுகிறான் என்கிறாள். நாம் தூக்கினால் தானும் கைகாலைத் தூக்கும் கண்ணாடி பிம்பம்தான் ஆடிப்பாவை. குடும்பக் கதையில் ஓரத்தில் நிற்க வேண்டியவள் ஒரு பாட்டு முழுவதையும் தனதாக்கிக்கொண்டாள்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஊரார், அக்கம்பக்கத்தார், தந்தை, தமையன் ஆகியோருக்கு காதலைப் பாடும் அகப்பாட்டில் நேராகப் பேசும் கூற்று கிடையாது என்கிறது தொல்காப்பியம். அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். தோழிக்கும், தலைவியை வளர்த்த தாயான செவிலிக்கும் கூற்று உண்டு.

மனோன்மணீயத்தில் வாணி விரும்புவது நடராசனை. அவளுடைய தந்தை சகடன் அவளை அமைச்சன் குடிலனின் மகன் பலதேவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறான். சரி, அடுத்த ஒத்திகையில் சகடனின் வசனங்களையும் வாணியே சொல்லிப் பார்க்கட்டும் என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன்.