இனப்பெருக்க உரிமை: மீனுக்கா, பெண்ணுக்கா?

மண்டபம், பாம்பன் பக்கம் வந்து 'இனப்பெருக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற 61 நாள் தடைக்காலம்தான் நினைவுக்கு வரும். மீன் சினை வைக்கிற பருவம், வலை போடக் கூடாது, அவ்வளவுதான். நான் போய், ஆங்கிலத்தில் reproductive rights என்பதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை என்று தமிழாக்கிப் பேச ஆரம்பித்ததும், கடல்பாசி எடுக்கிற அக்கா ஒருவர் "தடைக்காலப் பணத்தைப் பத்தியாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமாகவும் இருந்தது.

இனம், பெருக்கம் இரண்டுமே நல்ல தமிழ்தான், குறை அதில் இல்லை. இனம் என்றால் வகை, கூட்டம். பெருக்கம் என்றால் கூடுதல். உயிரியல் பாடத்தில் புழங்குகிற சொல் இது, அங்கே கணக்கு ஓர் உயிருக்கு அல்ல, மொத்தக் கூட்டத்துக்கு. reproductive என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'மறுபடி வெளிக்கொண்டு வருதல்' என்பதுதான் பொருள். பெருக்கம் நாம் சேர்த்தது. 1994-இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாடு சொன்னதோ எத்தனை பிள்ளை, எப்போது, எவ்வளவு இடைவெளி விட்டு என்பதைத் தாங்களே முடிவு செய்கிற உரிமை. ஒன்றோடு நிறுத்துகிறவளுக்கும், பிள்ளையே வேண்டாம் என்கிறவளுக்கும் அதில் இடம் உண்டு. பெருக்கம் என்ற சொல்லில் அவர்களுக்கு இடம் எங்கே இருக்கிறது?

இனப்பெருக்க உரிமை என்பதற்குப் பதிலாக என் தேர்வு 'மகப்பேற்று உரிமை'. கெடு கேடு ஆவது போல, பெறு நீண்டு பேறு ஆகிறது. வள்ளுவர் 'அறிவறிந்த மக்கட்பேறு' என்றதும், நம் ஆத்தாக்கள் பேறுகாலம் என்பதும் இதே பேறுதான். பேறு என்றால் பாக்கியம் ஆச்சே, வேண்டாம் என்பவளுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உரிமை என்று சேர்த்த பிறகு வேண்டாம் என்பதும் அதற்குள் வந்துவிடும். சொத்துரிமை இருப்பவர் சொத்தை வேண்டாம் என்றும் எழுதித் தரலாமே.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 1971-இன் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையில்லை. 2021 திருத்தம், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு 24 வாரம் வரை அனுமதிக்கிறது. இருந்தும் என்னோடு வந்த ஒரு பெண்ணிடம் ஓர் ஆஸ்பத்திரியில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொன்னார்கள். அவர் தங்கலுக்கு, அதாவது கடலிலேயே சில நாள் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தார், கரை திரும்ப நாலு நாள் ஆனது.

சினை என்று மீனையும் மாட்டையும் சொல்வோம், பெண்ணைச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பெண்ணுக்கு 'முழுகாம இருக்கா' என்பதுதான் வழக்கு; மாதம் தவறாமல் தலை முழுகுவது நின்றுவிட்டது என்று அர்த்தம். கையில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்துப் பாசிக்காக மணிக்கணக்கில் முழுகி எழுகிற இந்தப் பெண்களிடம் அந்தச் சொல் கொஞ்சம் சிக்கலாகிவிடுகிறது. அன்று ஒருத்தியைக் காட்டி, "முழுகாம இருக்கா, ஆனா இன்னும் முழுகிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார் அதே அக்கா. ஏழாம் மாதம்.