டிக்மன்ஸின் வேன் சாலையை எப்படிப் பார்த்தது?

1987-இல் ஜெர்மனியில், போக்குவரத்துக்கு இன்னும் திறக்காத ஒரு நெடுஞ்சாலையில் 5 டன் மெர்சிடிஸ் வேன் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் தானாகவே ஓடியது. ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் கணினியின் பொறுப்பு. அந்தக் கணினிக்குள் இருந்ததோ இன்டெல் 8086 சில்லுகள். அவற்றை நம்பி ஒவ்வொரு வீடியோப் படத்தையும் முழுசாக அலச உட்கார்ந்தால், முடிப்பதற்குள் வேன் சாலையை விட்டே இறங்கியிருக்கும்.

அப்புறம் எப்படி ஓடியது? அதை உருவாக்கிய எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ், மியூனிக் ராணுவப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அதற்கு முன் விண்வெளிப் பொறியாளர். விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பும் பாதையைக் கணக்கிட்டவர். அந்தத் துறையில் கலம் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி புதிதாகத் தேடமாட்டார்கள். இருக்கப்போகும் இடத்தைச் சமன்பாடு சொல்லும். அளவீடு அதைத் திருத்தும்.

சாலையையும் அவர் அப்படியே அணுகினார். ஐரோப்பிய வீடியோ விநாடிக்கு 25 படங்கள். 96 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வேன் நகர்வது ஒரு மீட்டரும் சொச்சமும்தான். அதற்குள் சாலைக் கோடு எங்கே ஓடிப்போய்விடும்? அது தெரியக்கூடிய இடத்தைக் கணினி முன்கூட்டியே கணித்தது. படத்தில் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களை மட்டும் பார்த்தது. மீதிப் படத்தைத் தொடவே இல்லை.

நெடுஞ்சாலை வளைவுகளும் கைகொடுத்தன. ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சீராகத் திருப்பினால் போதும் என்பதற்காக, வளைவு படிப்படியாகக் கூடும்படியே அவற்றைப் போடுகிறார்கள். எனவே வளைவு இப்போது எவ்வளவு, எந்த வேகத்தில் மாறுகிறது என்ற இரண்டு எண்களே முன்னால் உள்ள சாலையின் வடிவத்தைச் சொல்லிவிடும்.

கணித்த இடத்துக்கும் கேமரா கண்ட இடத்துக்கும் வித்தியாசம் வந்தால், எதை எவ்வளவு நம்புவது என்று தீர்மானிப்பது கால்மன் வடிகட்டி என்ற கணித முறை. அப்பல்லோ விண்கலங்கள் வழி கண்டுபிடிக்கப் பயன்பட்ட அதே கணிதம். ஒரு நிழல் கோட்டைக் கணநேரம் மறைத்தாலும் வண்டி தடுமாறாது, கணிப்பு கையில் இருக்கிறதே! எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். டிக்மன்ஸ் கேமராப் படத்தை மட்டும் நம்பவில்லை, வண்டி எப்படி நகரும் என்ற இயற்பியலையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

1994-இல் பாரிஸ் அருகே, நெரிசலான நெடுஞ்சாலையில் அவருடைய குழுவின் மெர்சிடிஸ் கார் 130 கிலோமீட்டர் வேகம் வரை ஓடியது. சுற்றிலும் 12 வண்டிகள் வரை ஒரே நேரத்தில் கவனித்தது. அடுத்த ஆண்டு மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடென்ஸே வரை பயணம். அதில் மனிதர் தலையிடாமலே ஒரே மூச்சில் 158 கிலோமீட்டர் ஓடியதும் உண்டு. ஆனால் சராசரியாகப் பார்த்தால், சுமார் 9 கிலோமீட்டருக்கு ஒருமுறை மனிதக் கை தேவைப்பட்டது.

இன்றைய கார்களில் படத்தைப் புரிந்துகொள்ளும் வேலையை, ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நிரல்களான நரம்பியல் வலைப்பின்னல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அவை கண்டுபிடித்த லாரி அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று பின்தொடர்வதற்குக் கால்மன் வகைக் கணிதம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.