நேராகப் போகச் சொன்னால் பாம்பாகப் போகும் படகு

சிறிய மீன்பிடிப் படகில் பொருத்திய, கேட்ட திசையில் படகைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் திரையைப் பார்ப்பதைவிடப் படகின் பின்பக்கம் திரும்பிப் பார்ப்பது மேல். புரொப்பெல்லர் கிளப்பிவிடும் நுரைத்தடம் பொய் சொல்லாது. தடம் நேராகக் கிடந்தால் நலம். நெருக்கமான சிறு வளைவுகளாக நெளிந்தால் ஒரு கோளாறு. அகலமாகச் சோம்பல்பட்டு வளைந்தால் வேறொரு கோளாறு. ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் மூன்றாவது.

படகுக்காரர்களில் பலர் தடத்தைப் பார்ப்பதில்லை. படகு நெளியத் தொடங்கியதும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்புகிறார்கள். குறை ஒன்றும் இல்லை என்ற சீட்டோடு அது திரும்பி வருகிறது. படகும் முன்புபோலவே நெளிகிறது. பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அதற்குத் தவறான தகவல் வந்து சேர்கிறது, அல்லது அது இட்ட கட்டளை சுக்கானைப் போய்ச் சேரவில்லை. தேட வேண்டிய இடம் பெட்டிக்கு வெளியே, கம்பியிலும் காந்தத்திலும் எண்ணெயிலும்.

வேலை செய்யும் முறை இதுதான். மின்னணுத் திசைகாட்டி ஒன்று படகின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை ஒரு வினாடிக்குள் பலமுறை அளக்கிறது. நாம் கேட்ட திசைக்கும் இப்போதைய திசைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெட்டி கணக்கிடுகிறது. அதற்கேற்ப ஒரு மோட்டாரை இப்படியோ அப்படியோ ஓட்டிச் சுக்கானைத் திருப்புகிறது. சுக்கான் உண்மையில் எவ்வளவு திரும்பியது என்பதை இன்னொரு உணரி (சென்சார்) திருப்பிச் சொல்கிறது. வெளிப்புற எஞ்சின் பூட்டிய படகுகளில் சுக்கானுக்குப் பதில் எஞ்சினே திரும்பும். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

வேறுபாட்டை மட்டும் பார்த்துச் சுக்கானைத் திருப்பினால் படகு எளிதில் நேராகப் போகாது. 5 டிகிரி விலகினால் 5 டிகிரி சுக்கான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு சரியான திசைக்கு வந்ததும் சுக்கான் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் படகின் திரும்பும் வேகம் அப்போது நிற்காது. அது மறுபக்கம் தாண்டிப் போகும், பிறகு திரும்பி வரும். தேர்ந்த சுக்கானி என்ன செய்கிறார்? படகு சரியான திசையை நெருங்கும் முன்பே எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி அதன் வேகத்தை அடக்குகிறார். பக்கக் காற்று தொடர்ந்து தள்ளினால் சுக்கானைச் சில டிகிரி ஒதுக்கியே பிடித்திருக்கிறார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி இந்தக் கைப்பழக்கத்தைத்தான் 1922-இல் கணிதமாக எழுதினார். விலகலின் அளவு, அது மாறும் வேகம், அது நேரம் போகப்போகச் சேர்ந்த தொகை ஆகிய மூன்றையும் கூட்டிச் சுக்கானைத் திருப்ப வேண்டும் என்பது அவருடைய முடிவு. அமெரிக்கப் போர்க்கப்பல் நியூ மெக்சிகோவில் அது சோதிக்கப்பட்டது. கருவி நன்றாகவே ஓட்டியது. மாலுமிகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. இன்று தொழிற்சாலைகளின் வெப்பக் கட்டுப்பாடு முதல் டிரோன்கள் வரை ஓடுவது இதே கணக்கில்தான்.

இனிப் பொருத்தும் வேலைக்கு வருவோம். இதில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது திசைகாட்டி உணரி இருக்கும் இடம். கைக்கு எட்டுகிற, கம்பி குறைவாகச் செலவாகிற மூலையில் அதைத் திருகிவிடுகிறார்கள். அந்த மூலைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் ஒற்றைக் கம்பியிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பூமியின் காந்தப்புலத்தில் திசைகாட்டிக்குப் பயன்படும் கிடைமட்டப் பகுதி, நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லாதான். துருவங்களை நோக்கிப் போகப்போக அது இன்னும் குறையும். கம்பியின் புலம் இந்த 40 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறுக்காக, கிடைமட்டமாக விழுந்தால் திசைகாட்டி 26 டிகிரி தவறாகக் காட்டும். அதே கம்பி ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் பிழை 3 டிகிரிக்குள் அடங்கிவிடும். உணரியைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் விடுங்கள் என்று கையேடுகள் சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல.

அந்தக் கம்பி ஆட்டோபைலட் பம்புக்கே (எண்ணெயைத் தள்ளிச் சுக்கானைத் திருப்பும் மோட்டார்) மின்சாரம் கொண்டுபோகும் கம்பியாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். படகு கொஞ்சம் விலகுகிறது, பம்ப் ஓடுகிறது, பம்ப் ஓடுவதாலேயே திசைகாட்டி நகர்கிறது, அதைப் பெட்டி புதிய விலகல் என்று நம்பி மறுபடி பம்பை ஓட்டுகிறது. சரிசெய்யும் செயலே பிழையை உண்டாக்குகிறது. இதைப் பெட்டியின் எந்த அமைப்பை (செட்டிங்) மாற்றியும் தீர்க்க முடியாது. கண்டுபிடிப்பது மட்டும் எளிது: படகைக் கட்டிப்போட்டு, சுக்கானை ஆட்டோபைலட் பொத்தானால் இடமும் வலமும் ஓட்டிக்கொண்டே திரையில் திசையைப் பாருங்கள். கட்டிக் கிடக்கும் படகு திரும்புவதாகத் திரை சொன்னால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். நேர்க்கம்பியையும் எதிர்க்கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காசு செலவில்லாத வைத்தியம்.

ஒலிபெருக்கியின் காந்தம், நங்கூரம், எஞ்சின் இரும்பு எல்லாம் இதே வகை எதிரிகள். இவை அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் ஈடுகட்டிவிடலாம். அமைதியான நீரில் படகை மெதுவாக வட்டமடிக்க விடுவது அதற்குத்தான். ஒரு சுற்றுக்கு 2 நிமிடமாவது ஆக வேண்டும். அந்தச் சுற்றில் பெட்டி ஒவ்வொரு திசையிலும் உள்ள பிழையைக் கற்றுக்கொள்கிறது. முடிவில் அது காட்டும் பிழை 15 டிகிரிக்கு மேல் போனால் உணரியை வேறு இடத்துக்கு மாற்றுவதே வழி. வட்டமடித்துக் கற்றபின் யாரோ ஒருவர் ஸ்பேனர் பெட்டியை உணரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் கற்றதெல்லாம் வீண். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஆட்டோபைலட் இன்று காலையில் திடீரென்று பிசகினால், முதலில் உணரி இருக்கும் இடத்தைத் திறந்து உள்ளே யார் என்ன வைத்தார்கள் என்று பாருங்கள்.

உணரியைத் தாழ்வாக, படகின் நடுப்பகுதியை ஒட்டி வைப்பதற்கும் காரணம் உண்டு. உயரத்தில் உள்ள பொருள் அலையில் அதிகம் ஆடும். ஆட்டத்தில் உணரி சாய்ந்தால் பூமியின் காந்தப்புலத்தின் செங்குத்துப் பகுதியும் அளவீட்டில் கலந்துவிடும். வட அட்சங்களில் சில படகுகள் தெற்கு நோக்கி ஒழுங்காக ஓடி, வடக்கு நோக்கி மட்டும் தள்ளாடுவதற்கு இந்தக் கலப்புதான் காரணம். சுழல்வேகம் அளக்கும் சில்லு (சிப்) சேர்ந்த புதிய உணரிகள் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன. இரும்பு உடல் கொண்ட படகுகளுக்கு மட்டும் இந்த விதி தலைகீழ்: அவற்றில் உணரியை மேலே, இரும்பைவிட்டு விலக்கித்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். ஆட்டோபைலட் சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், பெட்டியிலும் 12.6 வோல்ட். எல்லாம் சரி என்று மல்டிமீட்டரை மூடி வைத்துவிடுகிறார்கள். சுமை இல்லாதபோது எடுத்த அளவீட்டால் ஒரு பயனும் இல்லை. பம்ப் 15 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி 5 மீட்டர் தொலைவில் இருக்கிறது, கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். போக வர 10 மீட்டர் செம்பு, மின்தடை 0.07 ஓம், இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேல். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் இன்னும் ஏறும், இழப்பும் ஏறும், பெட்டி அணைந்து மறுபடி உயிர்பெறும். நடுக்கடலில் ஆட்டோபைலட் தானாகவே விலகிக்கொள்கிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அதே இழப்பு கால் வோல்ட்டாகிவிடும். உப்பில் பச்சை பூத்த ஒரே ஒரு முனையம்கூட 0.05 ஓம் சேர்க்கலாம். அதிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். எனவே சோதிக்கும் முறை: பம்பை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பெட்டியின் நேர்முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். எதிர்க்கம்பிக்கும் அதையே செய்யுங்கள். தொலைந்த இடம் தெரியும்வரை முனையம் முனையமாக நகர்ந்து வாருங்கள்.

எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள படகில் ஆட்டோபைலட் பம்பிலிருந்து மூன்று குழாய்கள் கிளம்புகின்றன: இரண்டு, சிலிண்டரின் இடவலக் குழாய்களில் இணையும், மூன்றாவது எண்ணெய்த் தொட்டிக்கு. பம்பின் அளவைச் சிலிண்டரின் கொள்ளளவை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். 140 கன சென்டிமீட்டர் சிலிண்டரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 12 வினாடியில் நகர்த்த, நிமிடத்துக்கு 700 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். சிறிய பம்ப் போட்டால் சுக்கான் எப்போதும் பிந்தியே வரும். பெரிய பம்ப் போட்டால் சுக்கான் வெடுக்கென்று தாண்டிப்போய்த் திரும்பி வரும். விலை அதிகமான பம்ப் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

பொருத்தியபின் குழாயில் காற்று தங்கிவிட்டால் பாதி வேலை கெட்டது. எண்ணெய் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். பம்ப் தள்ளுகிறது, காற்றுக் குமிழி அமுங்கிக்கொள்கிறது, சுக்கான் அசையவில்லை. காற்று இருப்பதை அறிய, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடியுங்கள். கெட்டியாக நிற்காமல் நெகிழ்ந்து கொடுத்தால் உள்ளே காற்று இருக்கிறது. சிலிண்டரின் வடிகால் திருகைத் தளர்த்தி, மேலே எண்ணெயை ஊற்றிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை பொறுமை தேவை. பிறகு ஆட்டோபைலட் பம்பையும் இருபக்கமும் ஓட்டி அதிலுள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும்; இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு அறிகுறி கண்ணெதிரே நடந்தும் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை: ஆட்டோபைலட் வேலை செய்யும்போது ஸ்டியரிங் சக்கரம் தானாகச் சுழல்வது. ஹைட்ராலிக் முறையில் அது சுழலவே கூடாது. சுழன்றால், ஸ்டியரிங் பக்கம் எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கசிகிறது. பம்ப் தள்ளும் எண்ணெய் சிலிண்டருக்குப் போகாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் சோதனையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். வலப்பக்கம் 10 டிகிரி என்று அழுத்தினால் சுக்கான் வலப்பக்கம் போக வேண்டும். இடப்பக்கம் போனால் மோட்டாரின் கம்பிகள் மாறியிருக்கின்றன. அந்த நிலையில் கடலில் இயக்கினால் சிறு விலகலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படகு முழு வேகத்தில் வட்டமடித்துவிடும். சுக்கான் முட்டி நிற்கும் இடத்துக்குச் சில டிகிரி முன்பே நிற்கும்படி எல்லையையும் அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் சுவரில் முட்டிச் சூடேறும்.

இதெல்லாம் சரியானபின்தான் அமைப்புகளைத் தொட வேண்டும். நுரைத்தடம் நெருக்கமாக நெளிந்து, பம்ப் ஓயாமல் கத்தினால் சுக்கான் விகிதத்தை (விலகலுக்கு எவ்வளவு சுக்கான் என்ற அளவை) குறையுங்கள். சோம்பலாக அகன்று அலைந்தால் கூட்டுங்கள். திரும்பி முடித்தபின் ஒவ்வொரு முறையும் தாண்டிப்போனால் எதிர்ச்சுக்கான் (வேகத்தை அடக்க முன்கூட்டியே எதிர்ப்பக்கம் திருப்புவது) அளவைக் கூட்டுங்கள். திசையில் நிலையான 2, 3 டிகிரி பிழை தேங்கி நின்றால் விலகலின் சேர்ந்த தொகையைப் பார்க்கும் அமைப்பைக் கவனியுங்கள். வேகத்தையும் மறக்கக் கூடாது: சுக்கானின் விசை, அதைக் கடந்துபோகும் நீரின் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 8 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் பழகிய அமைப்பு, தூண்டில் இழுத்துக்கொண்டு 2 நாட்டில் ஊரும்போது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு விசைதான் தரும். படகு கேட்காதது போலத் தோன்றும். மெதுவோட்டத்துக்கு விகிதத்தை உயர்த்தியாக வேண்டும். பின்னாலிருந்து உருண்டு வரும் பெரிய அலையில் எந்த அமைப்பும் உதவாது. அலை பின்பகுதியைத் தூக்கித் திருப்பியபிறகே கருவிக்குத் தெரியவருகிறது. அலையை முன்பே பார்க்கும் மனிதர் அங்கே ஸ்டியரிங்கைப் பிடிப்பதே பாதுகாப்பு.

ஜிபிஎஸ்ஸோடு இணைத்த ஆட்டோபைலட் பேசவில்லை என்றால், அது படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 தரவு வலையாக இருக்கும்பட்சத்தில் ஒரே அளவீடு போதும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு தரவுக் கம்பிகளுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். 60 ஓம் என்றால் இருமுனைகளிலும் 120 ஓம் தடுப்பான்கள் சரியாக இருக்கின்றன. 120 காட்டினால் ஒன்று காணவில்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவதைச் செருகியிருக்கிறார்.

ஜிபிஎஸ் பாதையைப் பின்பற்றாத சாதாரண நிலையில் ஆட்டோபைலட் காப்பது படகின் முகத்தை மட்டுமே, பாதையை அல்ல. பக்க நீரோட்டம் படகைக் கரைப்பாறைக்குத் தள்ளிக்கொண்டு போனாலும் முகம் சரியாக இருக்கிறது என்று அது நிம்மதியாக ஓட்டும். வேறு படகைப் பார்க்கவும் அதற்குக் கண் இல்லை. கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் 5-ஆவது விதி எந்நேரமும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆட்டோபைலட்டுக்காக அதில் எந்தச் சலுகையும் இல்லை.

தனியாகக் கடலுக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆள் தவறி விழுந்தால், ஆட்டோபைலட் இல்லாத படகு பெரும்பாலும் சுற்றித் திரியும். ஆட்டோபைலட் உள்ள படகு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். 6 நாட் வேகத்தில் ஒரு நிமிடத்தில் 185 மீட்டர். ஆட்டோபைலட் அணைந்தால் மட்டும் போதாது, எஞ்சின் நிற்க வேண்டும். உடலோடு கட்டிக்கொள்ளும் எஞ்சின் நிறுத்துக் கயிறோ, ஆள் விலகியதும் எஞ்சினை நிறுத்தும் கம்பியில்லாச் சாதனமோ பூட்டி, அது உண்மையிலேயே எஞ்சினை நிறுத்துகிறதா என்று கரையில் கட்டியிருக்கும்போதே இழுத்துப் பாருங்கள்.