டயர் தனக்குத் தானே காத்து அடிச்சுக்கும்

ராணிப்பேட்டையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல போர்ஷே கேமன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்காராம், அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஒரு நாள் ஓட்டப் போறாராம். "அண்ணா, டயர்ல எவ்ளோ காத்து வெக்கணும்? வண்டியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் ஒண்ணு சொல்லுது, பஞ்சர் கடைக்காரர் ஒண்ணு சொல்றார், வீடியோ போடறவங்க நாலு பேரு நாலு நம்பர் சொல்றாங்க." மொதல்ல வாழ்த்துக்கள் தம்பி. நம்ம கிட்ட இருக்கறது பழைய ஸ்விஃப்ட்தான், வயித்தெரிச்சல அடக்கிகினு பதில் எழுதறேன்.

அவசரம்னா நேரா கடைசி ரெண்டு பத்திக்கு போயிடுங்க. நடுவுல ரப்பர் பத்தி ஒரு விஷயம் சொல்லப் போறேன், அத யாருகிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா காத்துகினு இருந்தேன்.

ஸ்கூல் பாடத்த வேகமா முடிச்சிடுவோம். கேஜ், அதாவது காத்து அழுத்தம் அளக்கற கருவி, காட்டறது வெளிக்காத்த விட உள்ள எவ்ளோ ஜாஸ்தி இருக்குன்னுதான். 32 பிஎஸ்ஐன்னு (சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு) காட்டுச்சுன்னா உள்ள நெஜமா இருக்கறது 32 கூட வெளிக்காத்தோட 14.7, ஆக 46.7. டயரோட கொள்ளளவு பெருசா மாறாது, அதனால சூடு ஏற ஏற அழுத்தமும் அதே விகிதத்துல ஏறும், செல்சியஸ்ல இல்ல, 273 கூட்டி கெல்வின்ல. கணக்கு போட்டா 10 டிகிரிக்கு சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ. அவ்ளோதான் பாடம்.

இந்த ஒன்றரை பிஎஸ்ஐ கணக்கு தெரிஞ்சும் நான் ஒரு தடவ கோட்ட விட்டேன். மார்ச் மாசம், மதியம் ரெண்டு மணி, சென்னையிலேர்ந்து ஹைவேல நிக்காம வந்து வாலாஜா தாண்டி ஒரு பங்க்ல காத்து செக் பண்ணேன், நாலு டயரும் 36, 37ன்னு காட்டுது. மெஷின்ல 30ன்னு செட் பண்ணி புஸ்ஸுன்னு எறக்கிட்டு, ஆஹா எவ்ளோ பொறுப்பான ஆளுன்னு என்னையே மெச்சிகினு வீட்டுக்கு போயிட்டேன். மறுநாள் விடியகாலைல ஏலகிரி கெளம்பினேன். மொத கொண்டை ஊசி வளைவுலயே ஸ்டீயரிங்க திருப்பினா வண்டி ஒரு செகண்டு யோசிச்சுட்டு திரும்புது. எறங்கி கேஜ் வெச்சு பாத்தா 25க்கு கொஞ்சம் மேல. மதியம் அந்த டயர் 65 டிகிரில இருந்திருக்கும், விடியகாலைல 25 டிகிரி, போட்டுப் பாருங்க, 30 பிஎஸ்ஐ சரியா 25க்குதான் எறங்கும். கொஞ்சம் மேல இருந்தது மலையேறின சூடு. அந்த மெஷின் பொய் சொல்லல, நாந்தான் தப்பான நேரத்துல கேட்டேன்.

சரி, காத்து கம்மியானா ஜாஸ்தியானா கிரிப் ஏன் மாறணும்? ஸ்கூல்ல உராய்வு விசைன்னு ஒண்ணு படிச்சிருப்போம், எடைக்கு நேர் விகிதம், பரப்பளவுக்கு சம்பந்தமே இல்லன்னு. அது நெஜம்னா சைக்கிள் டயர் போட்டாலும் போர்ஷே அதே வேகத்துல வளையணும். மரம், இரும்பு மாதிரி கெட்டி சாமானுக்கு அந்த விதி ஓரளவு சரி, ஏன்னா அதுங்க ஒண்ணோட ஒண்ணு தொடறது சில நுனிகள்ல மட்டுந்தான், எடை ரெண்டு மடங்கானா தொடற இடமும் ரெண்டு மடங்காகும். ரப்பர் அப்படி இல்ல. மெத்துன்னு ரோட்டோட குழிகள்ல ஏற்கெனவே எறங்கி உக்காந்திருக்கும், மேல இன்னும் எடை வெச்சா நெரப்பறதுக்கு பாக்கி எடம் கம்மி. அதனால எடை ரெண்டு மடங்கானா கிரிப் ரெண்டு மடங்கு ஆகாது, அதுக்கு கம்மியாத்தான் ஏறும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் பாரம் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லா புடிக்கும்.

அந்த பாரம் எவ்ளோ? கேமன் மாதிரி வண்டி, ஆளோட சேத்து 1440 கிலோன்னு வெச்சுப்போம், இன்ஜின் நடுவுல கொஞ்சம் பின்தள்ளி இருக்கறதால முன்னாடி 45 சதம், அதாவது ஒரு முன் டயர் மேல 324 கிலோ. 32 பிஎஸ்ஐன்னா சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்தா 144 சதுர சென்டிமீட்டர். டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும், அத விட்டுடுங்க. தபால் ஆபீஸ்ல விக்கற போஸ்ட் கார்டு 14க்கு 9, அதாவது 126. அத்தன லட்ச ரூவா வண்டி நாலு போஸ்ட் கார்டு மேல நிக்குது! வேகமா வளையும்போது எடை வெளிப்பக்கம் சாயும், நல்ல டயர் போட்டு ட்ராக்ல வளைச்சா வெளிப்பக்க ரெண்டு டயரும் சேந்து 80 சதம் வரைக்கும் சொமக்கும். அப்போ நாலு இல்ல, ரெண்டு போஸ்ட் கார்டு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ரோட்டுல துருத்திகினு இருக்கற ஒரே ஒரு ஜல்லிக்கல்ல மட்டும் நெனச்சுக்கோங்க, அது மேல ரப்பர் வழுக்கிகினு போகுது. கல்லுக்கு முன்பக்கம் ரப்பர் அமுங்கி மேல ஏறுது, தாண்டினதும் பின்பக்கம் கீழ எறங்கணும். கேவுருக் களில வெரல வெச்சு அமுக்கினா குழி அப்படியே நிக்கும், திரும்பி வராது. பசங்க வெளையாடற ரப்பர் பந்து அமுக்கின உடனே திரும்பிடும். டயர் ரப்பர் ரெண்டுக்கும் நடுவுல, திரும்பி வரும், ஆனா லேட்டா வரும். அந்த லேட்டுதான் எல்லாமே. ரப்பர் சோம்பேறித்தனமா எறங்கறதால கல்லோட பின்பக்கம் அழுத்தம் கம்மி, முன்பக்கம் ஜாஸ்தி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் டயர வழுக்க விடாம பின்னாடி இழுக்குது. கிரிப்புல பெரிய பங்கு இதுதான். ரப்பர் மூலக்கூறுங்க ரோட்டுல ஒட்டி ஒட்டி விடறது இன்னொரு பங்கு, அதுலயும் இந்த சோம்பேறித்தனம் கலந்திருக்கு. பந்து ரப்பர்ல டயர் செஞ்சா வழுக்கிகினு போயிடும்.

அந்த லேட்டு ஒரே மாதிரி இருக்காது. ரொம்ப ஜில்லுன்னு இருந்தா ரப்பர் வெறச்சு போய் குழில எறங்கவே எறங்காது. ரொம்ப சூடானா மூலக்கூறுங்க சுறுசுறுப்பாயி டக்குன்னு திரும்பிடும், கிரிப் போச்சு. நடுவுல ஒரு எடத்துலதான் உச்சம். 1963ல க்ரோஷ்னு ஒரு ஆராய்ச்சியாளர் ரப்பர் துண்ட வேற வேற சூட்டுல, வேற வேற வேகத்துல கண்ணாடி மேலயும் சொரசொரப்பான பரப்பு மேலயும் இழுத்துப் பாத்தார். அத்தன அளவையும் சூட்டுக்கு ஏத்தா மாதிரி நகத்தி வெச்சா எல்லாம் ஒரே வளைகோட்டுல வந்து உக்காந்துச்சு. அதாவது வேகமா அமுக்கறதும் குளிர வெக்கறதும் ரப்பருக்கு ஒண்ணுதான்! அவசரப்படுத்தினா அது குளிர்ல இருக்கற மாதிரி நடந்துக்கும்.

இதுல இருக்கற குசும்பப் பாருங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல டயர் செகண்டுக்கு சுமார் 14 தடவ சுத்துது, அப்ப முழு டயரும் 14 தடவ அமுங்கி எழுது. ஆனா வழுக்கற எடத்துல மில்லிமீட்டர் அளவு கல்லுங்க செகண்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல குத்துது. அப்போ ஒரே ரப்பர் 14 தடவைக்கு பந்து மாதிரியும் ஆயிரம் தடவைக்கு சோம்பேறி மாதிரியும் நடந்துகிட்டா, பெட்ரோலும் மிச்சம், கிரிப்பும் உண்டு. 1992ல மிஷெலின் கம்பெனி ரப்பர்ல கரித்தூளுக்கு பதிலா பெரும்பங்கு சிலிக்கா கலந்து டயர் வித்தது இதுக்காகத்தான். இத மொதல் தடவ படிச்சப்போ நான் ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து போய் வண்டி டயர தொட்டுப் பாத்துட்டு வந்தேன், வீட்ல திட்டு.

இங்க ஒரு பெருமூச்சு. நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்துலயே அரக்கோணத்துல எம்ஆர்எஃப் டயர் பேக்டரி இருக்கு, சுத்துவட்டாரத்துல இத்தன இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, ஆனா பசங்க புராஜெக்ட்னா சாஃப்ட்வேர்ல கலர் கலரா படம் போட்டு பைண்டிங் பண்ணிடறாங்க. க்ரோஷ் செஞ்சது ரப்பர் துண்ட இழுத்து அளந்ததுதான், ராக்கெட் இல்ல. டயர் கம்பெனிங்க அளந்து வெச்சிருக்கறதெல்லாம் பீரோல பூட்டியிருக்கும். அரசாங்கம் கட்டடத் திறப்பு விழாவுக்கு செலவு பண்றதுல ஒரு பங்க இந்த மாதிரி அளக்கற மெஷினுக்கு குடுத்தா என்னன்னு எனக்குத் தோணும்.

சரி, காத்துக்கு வருவோம். பரப்பு பெருசா இருந்தா நல்லதுன்னா 15 பிஎஸ்ஐ வெச்சுட்டு போயிடலாமேன்னு கேப்பீங்க. காத்து கம்மியானா டயர் ஒவ்வொரு சுத்துலயும் ஜாஸ்தி மடங்கி நிமிருது, அதே சோம்பேறித்தனம் இப்ப பக்கச் சுவர்ல வேல செஞ்சு சூடாக்குது, சூடு அழுத்தத்த ஏத்துது, அழுத்தம் ஏறினா மடங்கறது கொறையுது, சூடு உண்டாகறதும் கொறையுது, கடைசில ஒரு எடத்துல நிலைக்கு வந்துடும். ஆளில்லாமலே டயர் தனக்குத் தானே காத்து அடிச்சுக்குது! ஆனா அந்த புத்திசாலித்தனத்துக்கு ஒரு எல்ல உண்டு. ரொம்ப கம்மியா இருந்தா போஸ்ட் கார்டோட நடு தூக்கிக்கும், ஓரம் மட்டும் தேயும், வளையும்போது டயர் ஒருக்களிச்சு பக்கச் சுவரே ரோட்டுல உரசும். வேகமும் சேந்துச்சுன்னா அமுங்கின எடம் நிமிரறதுக்குள்ள அடுத்த சுத்து வந்துடும், டயர் மேல அலை அலையா நிக்கும், நிமிஷக் கணக்குல சூடேறி பிச்சுக்கும். மே மாசம் நம்ம ஹைவே ஓரம் கெடக்கற டயர் தோலுங்கள்ல பல வண்டிங்க கதை இதுதான். ஜாஸ்தி வெச்சா தலகீழ், நடு மட்டும் தொடும், போஸ்ட் கார்டு சுருங்கும், வண்டி குதிக்கும்.

கண்ணால பாத்து சொல்ல முடியாது. சத்துவாச்சாரில நான் போற கடை அண்ணன், "இன்னா சார், வண்டி உக்காந்துகினு கீது, 38 வெச்சுடட்டா?"ம்பார். ரேடியல் டயர் சரியான காத்துலயும் கொஞ்சம் தொப்பை போட்டுத்தான் நிக்கும், அது அதோட வாகு. நைட்ரஜன் பத்தியும் கேப்பீங்க. சாதா காத்துலயே 78 சதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடிச்சதுக்கு அடையாளமா போடற பச்ச மூடிக்காக காசு குடுக்கறதும் டயருக்கு கீழ எலுமிச்சம்பழம் வெக்கறதும் எனக்கு ஒண்ணுதான் (எலுமிச்சம்பழமாவது கம்மி காசுக்கு கெடைக்கும்). ஆனா ஒரு விஷயத்துல நைட்ரஜன்காரங்க பக்கம் நியாயம் இருக்கு, ஈரம். கம்ப்ரசர் டேங்க்ல தேங்கின தண்ணிய அப்பப்ப வடிக்கலன்னா அது டயருக்குள்ள போயிடும். 30 டிகிரில நீராவி அழுத்தம் 0.6 பிஎஸ்ஐதான், 80 டிகிரில கிட்டத்தட்ட 7. ட்ராக்ல இது உங்க கணக்கையே கவுத்துடும். அங்க தேவ காஞ்ச காத்து, அது நைட்ரஜனா இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

ஏலகிரி மேல ராத்திரி வண்டிய நிறுத்திட்டு காலைல செக் பண்றவங்களுக்கு ஒரு தமாஷ். வேலூர்லேர்ந்து 900 மீட்டர் ஒசரம், வெளிக்காத்து அழுத்தம் கொறையறதால கேஜ் ஒன்றரை பிஎஸ்ஐ ஜாஸ்தி காட்டணும், ஆனா மேல ஆறேழு டிகிரி குளிர், அதனால ஒண்ணு கொறையும். ரெண்டும் அடிச்சுகினு மிச்சம் அரை. அங்க காத்த தொடாதீங்க. ட்ராக் கணக்க அந்த பதினாலு வளைவுல சோதிச்சும் பாக்காதீங்க, எதிர்ல பஸ் வரும்.

இப்ப தம்பிக்கு பதில். வெயில் படறதுக்கு முன்னாடி, வண்டி ராத்திரி முழுக்க நின்னப்புறம், ஸ்டிக்கர்ல போட்டிருக்கறத அப்படியே வெய்யுங்க, உங்க வண்டிக்கு பின்னாடி ஜாஸ்தி இருக்கும், அந்த வித்தியாசத்த மாத்தாதீங்க. டயர் தோள்பட்டைல, அதாவது ரோட்ட தொடற பரப்பு பக்கச் சுவரோட சேர்ற ஓரத்துல, நாலு எடத்துல சாக்பீஸ்ல குறுக்கு கோடு போடுங்க. நாலு ரவுண்டு நல்லா ஓட்டிட்டு நேரா உள்ள வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள நாலு டயரும் அளந்து எழுதுங்க. 30 டிகிரில 32 வெச்சது 80 டிகிரி ஆயிருந்தா 40கிட்ட காட்டும், பயப்படாதீங்க. ரோட்டு டயர் போட்டு ட்ராக்ல ஓட்டறவங்க பெரும்பாலும் சூட்டுல 32லேர்ந்து 36க்குள்ள வந்து நிப்பாங்க, நீங்க முன்னாடி 34 வரைக்கும், பின்னாடி அதுக்கு ஒண்ணு ரெண்டு மேல எறக்கி மறுபடி ஓட்டுங்க. சாக்பீஸ் கோடு தோள்பட்டைல இருக்கற குட்டி முக்கோணக் குறிய தாண்டி கீழ அழிஞ்சிருந்தா ரொம்ப எறக்கிட்டீங்க. முடிஞ்சா குத்திப் பாக்கற தெர்மாமீட்டர்ல டயரோட உள்ஓரம், நடு, வெளிஓரம் மூணுலயும் சூடு பாருங்க, நடு ஜாஸ்தின்னா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் ஜாஸ்தின்னா காத்து கம்மி. துப்பாக்கி மாதிரி இருக்கற இன்ஃப்ராரெட் கருவி மேல்தோல மட்டுந்தான் படிக்கும், நீங்க உள்ள வர்றதுக்குள்ள அந்த மேல்தோல் ஆறிடும். வளைவுல மூக்கு வெளிய ஓடுச்சுன்னா முன்னாடி ஒரு பிஎஸ்ஐ கொறச்சுப் பாருங்க, வால் சுத்துச்சுன்னா பின்னாடி. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரைட் வளைவு ஜாஸ்தியா இருக்கற ட்ராக்னா இடது டயருங்க ஜாஸ்தி ஏறும், அதுங்களுக்கு ஜில்லுன்னு இருக்கறப்பவே கொஞ்சம் கம்மியா வெக்க வேண்டி வரும்.

அப்புறம் என் ஏலகிரி கதைய மறந்துடாதீங்க. சூட்டுல 34க்கு எறக்கினது ஆறினா 27தான் இருக்கும். சாயங்காலம் டயர் ஆறினதும், ஒரு குட்டி கம்ப்ரசர் கையோட வெச்சிருந்து, ஸ்டிக்கர் அளவுக்கு திரும்ப ஏத்திட்டு அப்புறமா ராணிப்பேட்டைக்கு கெளம்புங்க. எழுதின நம்பருங்கள எனக்கு அனுப்புங்க, மழ பேஞ்சு ட்ராக் ஈரமா இருந்துச்சுன்னா அதயும் சேத்து எழுதுங்க.