சி டிரைவ் முட்ட நிறைஞ்சு கிடக்கக்குள்ள டிஃப்ராக் போடப் போறீங்களா? முதல்ல இத வாசிங்க

கொம்பியூட்டர் ஸ்லோ எண்டு சொல்லி மட்டக்களப்பு டவுன், ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எல்லாப் பக்கமும் இருந்து எங்கட்ட ரிப்பேருக்கு வாற மெஷின்கள்ல கனக்க மெஷின் ஒரே நிலைமையிலதான் வரும். பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க், திறந்து பாத்தா சி டிரைவ்ல சிவப்புக் கோடு, மிச்சம் இரிக்கிறது 2 ஜிபியோ 3 ஜிபியோ, அதுக்கு மேல வீட்டுல ஆரோ ஒரு வீடியோவப் பாத்துட்டு டிஃப்ராக் (துண்டு துண்டாக் கிடக்கிற ஃபைல்கள ஒண்டாச் சேக்கிற விண்டோஸ் வேலை) போட்டு விட்டிருப்பாங்க, அது ராவு முழுக்க ஓடி விடிய பாத்தா ஒரு மாற்றமும் இல்ல. "தம்பி, டிஃப்ராக்கும் போட்டுப் பாத்தாச்சு, சரிவரல்ல, டிஸ்க்க மாத்திருவமா" எண்டு கேப்பாங்க. டிஃப்ராக்ல பிழை இல்ல, இடமில்லாத டிஸ்க்ல அதப் போட்டதுதான் பிழை. அதப் பத்தி விளக்கமா எழுதணும் எண்டு கனநாளா நினைச்சிருந்தன்.

உள்ளுக்க என்ன நடக்குதெண்டா, விண்டோஸ் உங்கட ஃபைல ஹார்ட் டிஸ்க்ல எழுதக்குள்ள 4 கேபி அளவான கட்டங்கள்லதான் எழுதும், கிளஸ்டர் எண்டு சொல்லுவம். டிஸ்க் காலியா இருந்தா ஒரு ஃபைல்ட கட்டமெல்லாம் பக்கத்துல பக்கத்துல வரிசையா விழும். டிஸ்க் நிறைய நிறைய, நீங்க முந்தி அழிச்ச ஃபைல்கள்ட ஓட்டைகள்தான் மிஞ்சும், புது ஃபைல் அந்த ஓட்டைகளுக்குள்ள பிஞ்சு பிஞ்சு போய் விழும். லேப்டொப்ல இரிக்கிற 5400 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு 5400 சுத்து) டிஸ்க் ஒரு சுத்து வர 11 மில்லிசெக்கன் எடுக்கும், டிஸ்க்க வாசிக்கிற ஹெட் இடம் மாறுற நேரத்தையும் சேத்து ஒரு துண்டுல இருந்து அடுத்த துண்டுக்குப் போக 15 மில்லிசெக்கன் எண்டு வைங்க. 2000 துண்டாக் கிடக்கிற ஒரு ஃபைல எடுக்க, வாசிக்கிற நேரத்த விட்டுட்டு, அங்கயும் இங்கயும் ஓடுறதுக்கு மட்டுமே 30 செக்கன் போகுது. மெஷின் சிக்கி நிக்குது எண்டு நீங்க சொல்லுறது கனக்க நேரம் இந்த ஓட்டத்தத்தான்.

டிஃப்ராக் செய்யிற வேலை இந்தத் துண்டுகள ஒண்டாச் சேக்கிறது. ஆனா அது இருந்த இடத்துலயே வைச்சுச் சேக்காது. முதல்ல காலியான ஒரு இடத்துக்கு கொப்பி பண்ணும், சரியா விழுந்தபொறகுதான் ஃபைல்ட பதிவ மாத்தும், அதுக்குப் பொறகுதான் பழைய இடத்த விடும். அறுவடை முடிஞ்சு மூட்டை முட்ட அடுக்கின நெல் ஸ்டோர்ல, ஆட்டக்காரி நெல் ஒரு பக்கம் சம்பா நெல் ஒரு பக்கம் எண்டு பிரிச்சு அடுக்கச் சொன்னா, இறக்கி வைக்க வெறுந்தரை வேணும்தானே, டிஸ்க்குக்கும் அதேதான். பழைய விண்டோஸ் எக்ஸ்பி இத நேராவே சொல்லும், ஒழுங்கா வேலை செய்ய 15 வீதம் காலியா இரிக்கணும் எண்டு ஒரு பெட்டி வரும். 100 ஜிபி சி டிரைவுக்கு 15 ஜிபி. நம்மட ஆக்கள்ட்ட இரிக்கிறது 2.

இதுல ஆக்களுக்குத் தெரியாத ஒரு விசயம் இரிக்கு, இதத்தான் நான் பெருசாச் சொல்ல வாறன். மொத்தக் காலியிடம் எவ்வளவு எண்டதவிட, ஒரே துண்டாக் கிடக்கிற ஆகப் பெரிய காலியிடம் எவ்வளவு எண்டதுதான் முக்கியம். கல்லடிப் பக்கம் ஒரு ஸ்டூடியோட மெஷின் வந்திச்சு, கலியாண வீடியோ எடிட் பண்ணுற மெஷின், சி டிரைவ்ல 4 ஜிபி மிச்சம். கமாண்ட் ப்ரொம்ப்ட்ட (கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டி) அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, டிஃப்ராக் எண்டு அடிச்சு, சி கோலன், பொறகு ஸ்லாஷ் ஏ, ஸ்லாஷ் வி எண்டு குடுத்தா ஒண்டையும் அசைக்காம ரிப்போர்ட் மட்டும் தரும். அதுல லார்ஜெஸ்ட் ஃப்ரீ ஸ்பேஸ் சைஸ் எண்டு ஒரு வரி வரும், அந்த மெஷின்ல அது 212 எம்பி. அங்க அவுட்லுக் மெயில் ஃபைல் ஒண்டே 1.8 ஜிபி. 1.8 ஜிபி ஃபைல 212 எம்பி ஓட்டைக்குள்ள ஒண்டாச் சேக்க ஏலாது, எத்தின ராவு ஓடினாலும் ஏலாது. அதே ரிப்போர்ட்ட அடியில இன்னொரு குறிப்பும் இரிக்கும், 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகள கணக்குல எடுக்கல்ல எண்டு. அது சரியான கணக்குத்தான், செக்கனுக்கு 100 எம்பி வாசிக்கிற டிஸ்க்ல 64 எம்பி வாசிக்கவே அரைச் செக்கனுக்கு மேல போகும், அதுக்கு முன்னால 15 மில்லிசெக்கன் ஒரு பாரமே இல்ல. அதால பெரிய வீடியோ ஃபைல் அம்பது துண்டாக் கிடக்கு எண்டு கவலைப்பட்டு மெனக்கெட வேணாம். பாரமாகிறது விண்டோஸ்ட சின்னச் சின்ன ஃபைல், மெயில் ஃபைல், அக்கவுண்ட்ஸ் சொஃப்ட்வெயார்ட டேட்டாபேஸ் மாதிரி நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமா வளர்ற சாமான்கள்தான்.

அந்த ஸ்டூடியோ மெஷின்ல டெஸ்க்டொப்ல மட்டும் 31 ஜிபி கிடந்திச்சு. டெஸ்க்டொப்பும் சி டிரைவ்தான் எண்டது கனபேருக்குத் தெரியாது, டி டிரைவ்ல 200 ஜிபி சும்மா கிடக்க சி மூச்சுத் திணறிக்கிட்டு இரிக்கும், இடம் வேணுமெண்டு டி டிரைவ்ல இரிக்கிற பழைய படங்கள அழிச்சிட்டும் வருவாங்க, அதால சி டிரைவ்ல ஒரு எம்பியும் கூடாது. அந்த 31 ஜிபியையும் டிக்கு மாத்திட்டு டிஃப்ராக் போட்டம், பின்னேரத்துக்குள்ள முடிஞ்சுது.

சரி, நீங்களே வீட்டுல செய்யப் போறீங்க எண்டா, டிஃப்ராக்கத் தொடங்க முன்னால கட்டாயம் பாக்க வேண்டிய விசயங்கள் இரிக்கு.

உங்கட டிஸ்க் சுத்துற டிஸ்க்கா எஸ்எஸ்டியா எண்டு பாருங்க. ரன் பெட்டியில (விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் ஒண்டா அமத்தினா வரும்) டிஎஃப்ஆர்ஜியுஐ எண்டு அடிச்சா வாற ஒப்டிமைஸ் டிரைவ்ஸ் பெட்டியில மீடியா டைப்புக்குக் கீழ போட்டிருக்கும். எஸ்எஸ்டியில சுத்துறதும் இல்ல, ஹெட்டும் இல்ல, துண்டாக் கிடந்தாலும் அதுக்குக் கணக்கில்ல, சும்மா எழுதி எழுதி ஆயுளத்தான் குறைப்பீங்க. அதுக்கு விண்டோஸ் 8ல இருந்து வந்ததெல்லாம் பெரும்பாலும் ட்ரிம்தான் (அழிச்ச இடம் எது எண்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லுற கட்டளை) குடுக்கும், அத அப்படியே விடுங்க, வெளி டிஃப்ராக் சொஃப்ட்வெயார் ஒண்டும் போட வேணாம்.

அடுத்தது டிஸ்க்ட உடம்பு. க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்டு இலவச சொஃப்ட்வெயார் இரிக்கு, நீலம் காட்டினா நல்லம், மஞ்சள் எண்டா கவனம். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு டீச்சர்ட லேப்டொப் மஞ்சள்ல வந்திச்சு, வாசிக்க ஏலாம நிக்கிற செக்டர்கள் (டிஸ்க்ட சின்னச் சின்னக் கட்டங்கள்) கூடிக்கிட்டே போகுது, அவ கேட்டது டிஃப்ராக் போட்டுத் தரச்சொல்லி. அப்படியான டிஸ்க்ல டிஃப்ராக் போட்டா முழு டிஸ்க்கையும் வாசிச்சு எழுதி வாட்டி எடுக்கும், இருக்கிற கொஞ்ச உயிரும் அதோட போயிரும். டெர்ம் டெஸ்ட் பேப்பர், மார்க்ஸ் ஷீட், பிள்ளைகள்ட ஃபோட்டோ எல்லாத்தையும் முதல்ல வெளிய எடுத்துக் குடுத்திட்டு டிஸ்க்கத்தான் மாத்தினம்.

மூணாவது, இதுதான் எனக்கு ஆகக் கவலையான விசயம். தவறி அழிச்ச ஃபைல் ஏதும் இரிக்கா எண்டு வீட்டுல எல்லாரையும் கேளுங்க. ரீசைக்கிள் பின்ன காலி பண்ணினாலும் சுத்துற டிஸ்க்ல அந்த ஃபைல்ட உள்ளடக்கம் உடன அழியாது, அந்த இடத்துக்கு மேல வேற ஏதும் எழுதுற வரைக்கும் அங்கதான் கிடக்கும், அதாலதான் எங்களால திருப்பி எடுக்க ஏலுது. டிஃப்ராக் செய்யிறது என்ன, அந்தக் காலியிடத்துக்கு மேலதான் மத்த ஃபைல்களத் தூக்கி வைக்கிறது. கல்முனையில ஒரு குடும்பம், மகள்ட கலியாண ஃபோட்டோ ஃபோல்டர வேற ஃபோல்டர் எண்டு நினைச்சு அழிச்சிட்டு, இடம் வந்திட்டுத்தானே எண்டு அதுக்கு மேல டிஃப்ராக்கும் போட்டு, மறுகாதான் ஃபோட்டோவத் தேடி எங்கட்ட கொண்டு வந்தாங்க. ரெக்கவரி ஓடினா ஃபைல் பேரெல்லாம் அழகா வருது, திறந்தா பாதிப் படம் மட்டும் தெரியுது மிச்சம் வெறும் சாம்பல் கலர், கன படம் திறக்கவே இல்ல. அந்தத் தாய்ட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு. ஏதாவது காணாமப் போயிருந்தா டிஃப்ராக் மட்டுமில்ல, மெஷினயே ஓஃப் பண்ணிட்டுக் கொண்டு வாங்க.

இப்ப இடம் எடுக்கிறது. விண்டிர்ஸ்டேட் எண்ட சொஃப்ட்வெயாரப் போட்டுப் பாத்தா எது இடத்த அடைச்சிருக்கு எண்டு கலர் கலராக் காட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டெலிகிராம் இறக்கி வைக்கிற ஃபோல்டர், கொமினிகேஷன் கடை எண்டா ஸ்கேன் பண்ணி ஸ்கேன் பண்ணிப் போட்ட ஐடென்டிட்டி கார்ட் கொப்பியள் எல்லாம் வரும் (அடுத்தவங்கட ஆவணம், அத வேலை முடிஞ்ச உடனயே அழிச்சிரணும்). டெஸ்க்டொப், டொக்கியுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூண்டையும் ரைட் கிளிக் பண்ணி ப்ரொப்பர்டீஸ்ல லொகேஷன் டேப்ல டி டிரைவுக்கு மாத்தி விடலாம், ஒருக்கா செஞ்சா போதும். டிஸ்க் கிளீனப்ல கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ அமத்தினா பழைய விண்டோஸ்ட மிச்சம், அப்டேட்ட மிச்சம் எல்லாம் போகும், ஆனா விண்டோஸ் 10ல 2018 கடைசியில வந்த அப்டேட்டுல இருந்து 2020 அப்டேட்டுல எடுக்கிற வரைக்கும் உள்ள பதிப்புகள்ல அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸும் ஒரு வரியா வரும், பாக்காம எல்லாத்துக்கும் டிக் போட்டா உங்கட சாமானும் சேந்து போயிரும். ஹைபர்னேட் (திறந்து கிடக்கிற வேலைய டிஸ்க்ல ஒரு ஃபைலா எழுதி வைச்சிட்டு மெஷின் ஓஃப் ஆகிறது) பாவிக்கிறல்ல எண்டா கமாண்ட் ப்ரொம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் ஹைபர்னேட், ஓஃப் எண்டு குடுங்க, 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 10 மெஷின்ல 3 ஜிபிக்கு மேல இடம் வரும், அந்த ஹைபர்னேட் ஃபைல டிஃப்ராக்கால அசைக்கவும் ஏலாது, ஸ்டார்ட் ஆகிறது மட்டும் கொஞ்சம் பிந்தும். ஒண்ட மட்டும் செய்யாதீங்க, டிரைவ் ப்ரொப்பர்டீஸ்ல இடம் மிச்சம் பிடிக்க கம்ப்ரெஸ் பண்ணுவமா எண்டு ஒரு டிக் இரிக்கு, அதப் போட்டா ஃபைலெல்லாம் இன்னும் மோசமாத் துண்டு துண்டாகும்.

இவ்வளவும் செஞ்சும் இடம் வரல்ல, ஒரே பார்ட்டிஷன்தான் (சி மட்டும், டி இல்ல), எல்லாம் தேவையான ஃபைல்தான் எண்டா, வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்ட இரவல் வாங்குங்க. ஆகப் பெரிய ஃபைல்களாப் பாத்து ஒரு 20 ஜிபிய அதுக்குள்ள கொப்பி பண்ணி, கொப்பியத் திறந்து பாத்து, சரியெண்டா மட்டும் இஞ்ச அழிச்சிட்டு, டிஃப்ராக் போட்டு முடிச்சிட்டு திருப்பிக் கொண்டு வந்து வைங்க. அப்படிக் கொண்டு வந்து வைக்கிற ஃபைல் தானாவே பெரிய துண்டாத்தான் விழும், அதுக்கெண்டு தனியா டிஃப்ராக் தேவையில்ல. இரவல் டிஸ்க்கும் இல்லாட்டி டிஃப்ராக், சி கோலன், ஸ்லாஷ் எக்ஸ் எண்டு குடுங்க, அது காலியிடங்கள ஒரு பக்கமாச் சேக்கப் பாக்கும், அதுக்குப் பொறகு சாதாரண டிஃப்ராக் கொஞ்சமாவது முன்னேறும். ஒரே ஒரு ஃபைல்தான் பிரச்சின எண்டா மைக்ரோசொஃப்ட்ட சிஸ்இன்டர்னல்ஸ்ல கொண்டிக் எண்டு ஒரு சின்ன டூல் இரிக்கு, அந்த ஒரு ஃபைல மட்டும் சேக்கும். டிஃப்ராக் போட்டா பழைய ரீஸ்டோர் பொயிண்டுகள் (விண்டோஸ முந்தின நிலைக்குத் திருப்ப வைச்சிருக்கிற பதிவுகள்) அழியச் சான்ஸ் இரிக்கு, அதுல நம்பி இருக்காதீங்க.

கரண்டப் பத்தியும் கேப்பீங்க. 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்த விடுங்க, இப்பவும் மாரியில காத்து மழைக்கு எப்ப போகும் எண்டு தெரியாது. கொப்பி பண்ணி முடிஞ்சுதான் பதிவ மாத்திறதால விண்டோஸ்ட சொந்த டிஃப்ராக் இடையில நிண்டாலும் ஃபைல் பழுதாகிற சான்ஸ் குறைவுதான், ஆனா எழுதிக்கிட்டு இருக்கிற டிஸ்க்குக்கு சடார் எண்டு கரண்ட் போறது நல்லதில்ல. டெஸ்க்டொப் மெஷின் எண்டா யூபிஎஸ்ஸோட, லேப்டொப் எண்டா பட்டரி நல்லா இருக்கக்குள்ள சார்ஜர்ல வைச்சுப் போடுங்க, மழை இருட்டிக்கிட்டு வரக்குள்ள தொடங்க வேணாம்.

இன்னொண்டு, முதல்ல ஒப்டிமைஸ் டிரைவ்ஸ் பெட்டியில அனலைஸ் மட்டும் போட்டுப் பாருங்க. துண்டாகிக் கிடக்கிறது 10 வீதத்துக்குக் கீழ எண்டு காட்டினா டிஃப்ராக் தேவையே இல்ல, ஸ்லோவுக்குக் காரணம் வேற எங்கயோ இரிக்கு. டாஸ்க் மனேஜரத் திறந்து டிஸ்க் 100 வீதத்துல நிக்குதா, ராம் நிறைஞ்சு போச்சா எண்டு பாருங்க, 4 ஜிபி ராமோட க்ரோம்ல இருவது டேப் திறந்து வைச்சிருக்கிற மெஷினுக்கு ராம் போடுறதுதான் மருந்து. ரிப்பேருக்குக் கொண்டு வாறதெண்டா அனலைஸ் முடிவு, டாஸ்க் மனேஜர் எண்ட ரெண்டு பக்கத்தையும் ஃபோன்ல ஒரு படம் எடுத்து வைச்சுக் கொண்டு வாங்க, எங்களுக்கு அரை வேலை அதுலயே முடிஞ்சிரும்.