“விலையை மட்டும் பேச வேண்டாம்”

கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கி விற்பவர்களின் கணினி, கைப்பேசிப் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம், அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கார் நிலையத்தின் உரிமையாளர் அழைத்தார். “சார், உடனே வர முடியுமா? இங்கே கைகலப்பாகிவிடும் போலிருக்கிறது.”

போய்ப் பார்த்தால், வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்றின் சாவியை இறுகப் பிடித்தபடி தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் நின்றிருந்தார். கூடவே அவருடைய மகன். “பணத்தை முழுக்கக் கட்டிவிட்டேன், வண்டியைக் கொடுங்கள்” என்கிறார் அவர். “ஒரு ரூபாய்கூட எனக்கு வரவில்லை” என்கிறார் உரிமையாளர். இருவர் சொன்னதும் உண்மை.

உரிமையாளர் 5,20,000 ரூபாய் என்று போட்டிருந்த விளம்பரத்தின் படங்களை எடுத்து, எவனோ ஒருவன் 3,60,000 ரூபாய்க்கு வேறொரு தளத்தில் போட்டிருக்கிறான். விவசாயி அவனைத் தொடர்புகொண்டதும் அவன் உரிமையாளருக்குப் பேசியிருக்கிறான்: “என் மாமா வந்து வண்டியைப் பார்ப்பார். எங்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அவரிடம் விலையை மட்டும் பேச வேண்டாம், பணம் நான் தருகிறேன்.” விவசாயியிடம் வேறு கதை: “அங்கே இருப்பவர் என் பங்குதாரர். விலையைப் பேசினால் கமிஷன் கேட்பார். வண்டியை ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் பணத்தை எனக்கு அனுப்புங்கள்.”

இருவரும் அவன் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். டெஸ்ட் டிரைவ் முடிந்தது. டீ வந்தது. உரிமையாளர் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் காட்டினார், மகன் சேஸிஸ் நம்பரைக்கூடச் சரிபார்த்தான். வண்டி உண்மை, ஆவணம் உண்மை, இடமும் உண்மை. பிறகு எங்கிருந்து சந்தேகம் வரும்? மகன் அங்கேயே நின்று வங்கிச் செயலியில் பணத்தை அனுப்பிவிட்டான். கணக்கில் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததைக் கவனித்துக் கேட்டும் இருக்கிறான். “என் மனைவி கணக்கு” என்று பதில் வந்திருக்கிறது.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தோம். பணம் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதால் ஒரு பகுதியை முடக்க முடிந்தது. மீதி அதற்குள் பல கணக்குகளுக்குச் சிதறிப் போயிருந்தது. அந்தப் பெரியவர் கடைசிவரை சாவியைக் கீழே வைக்கவே இல்லை. மகன்தான் விரல்களைப் பிரித்து வாங்கிக் கொடுத்தான்.

“ஏமாந்தது அவர், எனக்கு நஷ்டமில்லையே” என்று சில விற்பனையாளர்கள் என்னிடம் சொல்வதுண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் நம்பியது முகம் தெரியாத அந்தக் குரலை அல்ல, உங்கள் பெயர்ப் பலகையை. “இந்த வண்டி 5,20,000” என்று ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும். விலையைப் பேசாதே என்று எவர் சொன்னாலும், வண்டி பார்க்க வந்தவரிடம் முதலில் விலையைத்தான் சொல்ல வேண்டும்.

இதே வலை விற்பவர் மீதும் விழும். முன்பணம் 50,000 கேட்ட இடத்தில் 1,50,000 வரும். “தவறுதலாகப் போய்விட்டது, அதிகப்படியை இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்” என்பான். அனுப்பிவிடுவீர்கள். வந்த பணம் வேறு எங்கோ ஏமாந்த ஒருவருடையது. அவர் புகார் கொடுத்ததும் முடக்கப்படுவது உங்கள் நடப்புக் கணக்கு. வண்டி வாங்கியவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் உங்கள் வங்கியிடம் சொல்லி, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு, அதாவது தொட்டால் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும் கோப்பு, இன்னொரு தொல்லை. வீட்டில் ஒரே வண்டி வைத்திருப்பவர் ‘நான் எங்கே சிக்னலைத் தாண்டினேன்’ என்று யோசிப்பார். முப்பது வண்டிகளை நிறுத்தி வைத்திருப்பவருக்கு அபராதச் செய்தி அன்றாடம், யோசிக்காமல் தொட்டுவிடுவார். அதை நிறுவினால் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போகும். அபராதம் உண்மையா என்று பார்க்க, gov.in என்று முடியும், அரசின் வாகனத் தளமான பரிவாகனுக்கு நீங்களே போங்கள்.

2024 ஜூனில் அமெரிக்காவின் சி.டி.கே. குளோபல் என்ற மென்பொருள் நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு ஆளானபோது, அதை நம்பியிருந்த சுமார் 15,000 கார் விற்பனை நிலையங்கள் திண்டாடின. பல இடங்களில் பேனாவும் காகிதமுமாக விற்பனை நடந்தது. நம் ஊர் நிலையங்களில் அந்த மென்பொருளின் இடத்தில் இருப்பது பெரும்பாலும் உரிமையாளரின் ஒற்றைக் கைப்பேசிதான். விளம்பரக் கணக்கு, வங்கி, வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் எல்லாம் அதற்குள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். வண்டியை விற்றுப் பெயர் மாற்றமும் முடிந்த பிறகு, அந்த ஆதார் படம் புரோக்கர் குழுவில் கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

அந்த ஸ்விஃப்ட் பிறகு வேறொருவருக்குப் போனது. உரிமையாளர் இப்போது தன் விளம்பரப் படங்களின் நடுவே நிலையத்தின் பெயரையும் விலையையும் பெரிதாகப் பதித்தே போடுகிறார். நம்பர் பிளேட்டை மறைத்துவிடுகிறார். வாசலுக்கு வருபவர் உட்கார்வதற்கு முன்பே, “எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தீர்கள், அதில் விலை எவ்வளவு போட்டிருந்தது?” என்று கேட்கிறார். சென்ற மாதம் ஒருவர் 2,90,000 என்றார். உள்ளே நின்ற வண்டியின் விலை 4,40,000. அவர் பணம் அனுப்பத் தயாராகக் கையில் பிடித்திருந்த கைப்பேசியை வாங்கி, மோசடிக்காரனின் எண்ணை அங்கேயே புகார் செய்தார்கள்.